டிப்ஸ்டிக்கில் ஆயில் முழு அளவு, எஞ்சினோ சீஸ் (இறுகி நின்றுவிட்டது): யார் சொல்வது சரி?

கேள்வி, பிப்ரவரி 9

நெடுஞ்சாலையில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்திருக்கிறது. வண்டியை ஓட்டிய என் தம்பி, அடுத்த எரிபொருள் நிலையத்தில் நிறுத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடர்ந்து ஓட்டினான். சில கிலோமீட்டருக்குள் எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது, ஸ்டார்ட்டர் போட்டாலும் சுற்றவில்லை. "ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள், எஞ்சினையே மாற்ற வேண்டும்" என்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை நானே எடுத்துப் பார்த்தேன். மேல் கோடு வரை ஆயில் இருக்கிறது. ஆயில் இவ்வளவு இருக்கும்போது ஆயிலால் எஞ்சின் போயிருக்க முடியாது என்பது என் வாதம். சரிதானே?

பிப்ரவரி 9, இரவு

பாதி சரி. "ஆயில் இல்லாமல் ஓட்டினீர்கள்" என்று அவர்கள் சொல்வது தவறு. "ஆயிலால் போயிருக்க முடியாது" என்று நீங்கள் சொல்வதும் தவறு. ஆயில் அளவு வேறு, ஆயில் அழுத்தம் வேறு. எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப் நிறைய ஆயில் இருந்தும், சுழலும் தண்டுகளைத் தாங்கும் பேரிங்குக்கு ஒரு சொட்டுகூடப் போகாமல் எஞ்சின் சீஸ் ஆகலாம். எஞ்சின் பிரித்துக் கட்டுவதே என் தொழில். முழு ஆயிலோடு செத்த எஞ்சின்கள் என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன.

அந்தச் சிவப்பு விளக்கு அழுத்தத்துக்கானது. அளவு குறைந்தால் எரிவது பல வண்டிகளில் மஞ்சள் நிறத்தில் தனியாக இருக்கும், சில வண்டிகளில் இருக்கவே இருக்காது. சிவப்பு விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் பெரும்பாலான கார்களில் 0.3 முதல் 0.5 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை அழுத்தம் விழுந்த பிறகுதான் வேலை செய்யும். சூடான எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது பொதுவாக 2 முதல் 4 பார் வரை இருக்க வேண்டும். விளக்கு எரியும் நேரத்தில் அழுத்தத்தில் பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். அதை முன்னெச்சரிக்கை என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் எஞ்சினை இழந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

முக்கியமானதை விட்டுவிட்டேன். எஞ்சினை மாற்ற இன்னும் சம்மதம் சொல்லாதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சம்பை உங்கள் கண்முன் கழற்றச் சொல்லுங்கள். வடிக்கும் ஆயிலைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து அளந்து வையுங்கள். பழைய ஃபில்டரை எறியவிடாதீர்கள். எஞ்சினை மறுபடி சுற்றவைத்துப் பார்க்கவும் விடாதீர்கள். சாட்சி முழுவதும் உள்ளேதான் இருக்கிறது.

பிப்ரவரி 10

"பம்ப்தானே அழுத்தத்தை உண்டாக்குகிறது, ஆயில் இருந்தால் பம்ப் தள்ளாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

பம்ப் செய்வது ஓட்டத்தைத்தான். அழுத்தம் என்பது அந்த ஓட்டத்துக்கு வழியில் கிடைக்கும் தடை. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் சீறுகிறதல்லவா, அந்தக் கட்டைவிரலின் வேலையை எஞ்சினில் பேரிங்குக்கும், அதற்குள் சுழலும் முக்கிய அச்சான கிராங்க் ஷாஃப்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி செய்கிறது. அந்த இடைவெளி மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான். தேய்ந்து அகன்றால் பம்ப் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அழுத்தம் நிற்காது.

ஆகவே அழுத்தம் இரண்டு பக்கமும் போகலாம். பம்புக்கு முன்னால் ஆயில் வந்து சேராமல் போகலாம், பம்புக்குப் பின்னால் தடை இல்லாமல் ஒழுகியும் போகலாம். சம்பில் உள்ள ஆயிலின் அளவு இந்த இரண்டில் முதல் பக்கத்தின் ஒரு காரணம் மட்டுமே.

பிப்ரவரி 12

முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். சம்பின் அடியில் ஆயிலுக்குள் மூழ்கி நிற்கும் உறிஞ்சுகுழாய், அதன் வாயில் ஒரு கம்பிவலை. ஸ்ட்ரெய்னர் என்பார்கள். ஆயிலை மாற்றாமல் காலம் கடத்தினால் தார் போன்ற கசடு இந்த வலையில் படியும். சம்பைக் கழற்றி மாட்டும்போது தடவும் சிலிக்கான் பசை அளவுக்கு மேல் போனால், உள்பக்கம் பிதுங்கிய நூல்கள் பிய்ந்து வந்து இந்த வலையை அடைக்கும். உறிஞ்சுகுழாய் பம்பில் சேருமிடத்தில் உள்ள ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் கெட்டியாகிச் சுருங்கினால் பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து இழுக்கும். ஆயிலை மேல் கோட்டுக்கு மிக அதிகமாக ஊற்றினாலும் ஆபத்துதான். கிராங்க் ஷாஃப்ட் அதை அடித்து நுரையாக்கிவிடும். நுரையால் பேரிங்கைத் தாங்க முடியாது.

அடுத்தது பம்ப். பம்ப் தேய்ந்து போவது நான் பார்த்தவரை அரிது. பம்பை ஓட்டும் பாகம் கைவிடுவதுதான் அதிகம். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பழைய 2.0 டிடிஐ டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் ஆயில் பம்பைச் சுற்றவைப்பது விரல் நீளமுள்ள ஓர் அறுகோணத் தண்டு. அதன் மூலைகள் மழுங்கி உருண்டையானால் எஞ்சின் சுற்றும், பம்ப் நின்றுவிடும். பிஎம்டபிள்யூவின் 1990களின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் பம்பின் பல்சக்கரத்தைப் பிடிக்கும் ஒற்றை நட்டு கழன்று சம்பில் விழுவது பந்தயக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை. அதனால்தான் அவர்கள் அதைக் கம்பி போட்டுக் கட்டிவைக்கிறார்கள். ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்டில் பம்பை ஓட்டுவது ஆயிலில் நனைந்தபடி ஓடும் பெல்ட். அது அறுந்துபோகக்கூடும் என்று 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களை நிறுவனமே திரும்ப அழைத்தது. இவை எல்லாவற்றிலும் டிப்ஸ்டிக் கடைசி நொடி வரை முழு அளவைத்தான் காட்டும்.

பம்புக்கு அடுத்து அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு. அழுத்தம் எல்லை மீறினால் திறந்து ஆயிலைச் சம்புக்கே திருப்பிவிடுவது அதன் வேலை. ஒரு சிறு உலோகத் துகள் நடுவில் சிக்கி அது திறந்தபடியே நின்றால் பம்ப் தள்ளும் ஆயில் பேரிங்குக்குப் போகாமல் சம்பிலேயே விழுந்துகொண்டிருக்கும்.

கேள்வி கேட்டவருக்கு: இந்த வண்டியின் சம்ப் இதற்கு முன் எப்போதாவது கழற்றப்பட்டதா? விளக்கு இதற்கு முன் ஒரு தடவையாவது மினுக்கியதா? தம்பியிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 13

வேறொருவர்: "எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் எஞ்சின் ஓடும்போது) என் ஆயில் விளக்கு லேசாக மினுக்குகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்துவிடுகிறது. கெட்டியான ஆயில் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக்."

விளக்கு அணையும், எஞ்சின் சரியாகாது. 30 என்று குறியிட்ட ஆயில் 100 டிகிரி செல்சியஸில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை பாகுத்தன்மை கொண்டது. 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. கெட்டியான ஆயில் அகன்ற இடைவெளியில் கொஞ்சம் அதிகத் தடை தரும், அழுத்தம் கொஞ்சம் ஏறும், சுவிட்ச் ஏமாறும். தேய்மானம் அதே இடத்தில் இருக்கும். அடைப்பு ஸ்ட்ரெய்னரில் என்றால் கெட்டி ஆயில் அந்த வலையைக் கடக்க இன்னும் திணறும், நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் இயந்திர அழுத்தமானியை மாட்டி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிலும் 2000, 3000 சுற்றுகளிலும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்து, அந்த எஞ்சினின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் ஆயிலை மாற்றலாம், சென்சாரை (அந்தச் சுவிட்சைத்தான் இப்படிச் சொல்வார்கள்) மாற்றலாம் என்று சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 14

தம்பி சொன்னதாக வந்திருக்கும் பதிலைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. சென்ற ஆண்டு ஆயில் கசிவுக்காக இதே சர்வீஸ் சென்டரில் சம்பைக் கழற்றிப் புதுப் பசை போட்டு மாட்டியிருக்கிறார்கள். சில வாரங்களுக்கு முன் நெடுஞ்சாலையில் வேகம் எடுத்தபோது விளக்கு எரிந்திருக்கிறது. நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்ததும் அணைந்திருக்கிறது. கொண்டுபோய்க் காட்டியபோது "சென்சார் கோளாறு" என்று புது சென்சார் மாட்டி அனுப்பிவிட்டார்கள். அழுத்தமானி வைத்துப் பார்த்ததாகப் பில்லில் எங்கும் இல்லை.

சுற்று அதிகரிக்கும்போது அழுத்தம் விழுவதும், எஞ்சினை நிறுத்தி மறுபடி எடுத்தால் சரியாவதும் ஸ்ட்ரெய்னர் அடைப்பின் அடையாளம். பம்ப் வேகமாக உறிஞ்சும்போது குப்பை வலையோடு ஒட்டிக்கொள்கிறது. உறிஞ்சல் நின்றதும் உதிர்ந்து சம்பின் அடியில் கிடக்கிறது. அடுத்த நீண்ட ஓட்டத்தில் மறுபடி ஒட்டுகிறது. தேய்ந்த பேரிங் இதற்கு நேர்மாறு, ஐடிலில்தான் விளக்கைக் காட்டும். நேற்று ஐடில் மினுக்கல் பற்றிக் கேட்டவரும் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

சென்சார்கள் கெட்டுப்போவதுண்டு, உண்மைதான். அவற்றின் வழியே ஆயில் கசிந்து இணைப்பான் வரை ஏறியிருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் அளந்து பார்த்து, அழுத்தம் சரியாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் சென்சாரைக் குற்றம் சொல்ல முடியும்.

சம்பைத் திறக்கும் நாளில் அங்கே இருங்கள். ஸ்ட்ரெய்னரை யாரும் துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்.

பிப்ரவரி 16

சற்று விலகிப் போகிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பேரிங்கைத் தாங்குவது பம்பின் அழுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். 1883இல் பிரிட்டனில் போஷாம்ப் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி ஆயில் தொட்டியில் நனைந்தபடி சுற்றியது, பம்ப் எதுவும் கிடையாது. ஆயில் விடுவதற்காக பேரிங்கின் உச்சியில் துளை போட்டார். உள்ளே போக வேண்டிய ஆயில் அந்தத் துளை வழியாக வெளியே வந்தது. தக்கை வைத்து அடைத்தார், அதைத் தள்ளிவிட்டது. மரக்கட்டை வைத்து அடைத்தார், அதையும் மெல்ல மேலே தள்ளிவிட்டது. அழுத்தமானி வைத்துப் பார்த்தபோது, பேரிங் தாங்கிய சராசரிச் சுமையைவிட இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. சுற்றும் அச்சே ஆயிலை ஆப்புபோல் இழுத்து நுழைத்துத் தன்னைத் தூக்கிக்கொள்கிறது என்பதை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணிதமாக எழுதினார்.

நம் கார் எஞ்சினிலும் அதுவேதான். பம்ப் தரும் சில பார் அழுத்தம் அச்சைத் தூக்குவதில்லை. ஓரங்களில் ஒழுகிப்போகும் ஆயிலுக்கு ஈடாகப் புது ஆயிலைக் கொண்டுவந்து நிரப்புவதும் சூட்டை எடுத்துச் செல்வதும்தான் அதன் வேலை. பம்ப் நின்ற கணமே எஞ்சின் சாகாததற்குக் காரணம் இந்தப் படலம் சற்று நேரம் தாக்குப்பிடிப்பதுதான். ஆனால் 3000 சுற்றில் அச்சு நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. மிச்சமிருக்கும் ஆயில் வழிந்துபோக எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17

"என் வண்டியில் ஆயில் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கும், அதனால் கவலை இல்லை" என்றவருக்கு: எப்போதும் நடுவிலேயே நிற்பதால்தான் கவலைப்பட வேண்டும். உண்மையான அழுத்தமானி குளிர்ந்த எஞ்சினில் மேலே போகும், சூடான ஐடிலில் கீழே வரும், சுற்றோடு சேர்ந்து ஏறி இறங்கும். 1995 முதல் வந்த மாஸ்டா மியாட்டாவில் முள் இருந்தது, அதன் பின்னால் இருந்ததோ வெறும் சுவிட்ச். அழுத்தம் எல்லைக்கு மேலே இருக்கும்வரை நடுவில் நிற்கும், கீழே போனால் படுத்துவிடும். முள் வடிவில் இருக்கும் விளக்கு, அவ்வளவுதான்.

பிப்ரவரி 19

விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். "அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்து" என்பதுதான் என் வழக்கமான பதில். யோசித்துப் பார்த்தால் அதை இன்னும் விவரமாகச் சொல்ல வேண்டும். மனிதரின் உயிருக்குப் பிறகுதான் எஞ்சின்.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அபாய விளக்கைப் போடுங்கள். நியூட்ரலுக்கு மாற்றி, வண்டி உருளும் வேகத்திலேயே ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். பாதை நேராக இருந்து, பின்னால் வண்டிகள் நெருங்காமல் இருந்தால் உருளும்போதே எஞ்சினை அணைக்கலாம். சாவியை ஒரு படி மட்டும் திருப்புங்கள், எடுத்துவிடாதீர்கள். எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் அணைந்ததும் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் ஓரிரு அழுத்தத்துக்குத்தான் மிஞ்சும், எனவே விட்டு விட்டு அழுத்தாமல் ஒரே சீராக அழுத்துங்கள். வளைவோ நெரிசலோ இருந்தால் முதலில் ஓரம், பிறகு எஞ்சின்.

நின்ற பிறகு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைவாக இருந்து, கையில் ஆயிலும் இருந்தால் ஊற்றிப் பார்க்கலாம். ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் விளக்கு அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அளவு முழுதாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கட்டி இழுத்துப் போக வேண்டியதுதான். "மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

பிப்ரவரி 24

படங்களைப் பார்த்தேன். ஸ்ட்ரெய்னரில் முக்கால் பங்கு வலை தெரியவில்லை. சாம்பல் நிறச் சிலிக்கான் நூல்கள், ஒரு பக்கம் சப்பையாக, சம்பின் விளிம்பில் அழுந்திய அச்சு அப்படியே இருக்கிறது. அந்த அச்சுதான் உங்கள் பலம். கசடு என்றால் ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை என்று உங்கள்மேல் திருப்பலாம். பசை நூல் தானாக எஞ்சினுக்குள் முளைக்காது. கடைசியாகச் சம்பை மாட்டியவர் யார் என்பதற்குப் பில் இருக்கிறது. ஸ்ட்ரெய்னரை அப்படியே ஒரு பையில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பேரிங் படங்களும் தெளிவாக இருக்கின்றன. பிஸ்டனிலிருந்து வரும் ராட் கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங்கின் பூச்சு உருகி ஓரத்தில் தகடாக வழிந்திருக்கிறது. ஒரு சிலிண்டரில் பேரிங்கின் மேல் பாதி ஓடும் கீழ் பாதி ஓடும் இடம் பெயர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. பேரிங் சுழன்றுவிட்டது என்போமே, அது இதுதான். சுழன்ற ஓடு ஆயில் துளையை மூடிவிடும், அதற்குப் பிறகு அந்த ராடுக்கு ஆயில் வர வழியே இல்லை. கிராங்க் ஷாஃப்டில் அந்த இடம் நீலம் பாரித்திருக்கிறது. ராட் உடைந்து எஞ்சினின் உடலான பிளாக்கைத் துளைத்து வெளியே வராமல் நின்றது உங்கள் நல்ல நேரம்.

தம்பி தொடர்ந்து ஓட்டியதை அவர்கள் நிச்சயம் எடுத்துப் பேசுவார்கள். அதை மறுக்காதீர்கள். விளக்கு எரிந்ததும் நிறுத்தியிருந்தால் சேதம் குறைந்திருக்கும், அது உண்மை. ஆனால் விளக்கு எரியக் காரணம் அவர்கள் போட்ட பசை. முதல் முறை எரிந்தபோது அதைத் தம்பி அலட்சியப்படுத்தவில்லை, அவர்களிடமே கொண்டுபோனார். அவர்கள் அளக்காமல் சென்சாரை மாற்றி, வண்டி நலம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்படிச் சொல்லி அனுப்பிய பிறகு அதே விளக்கு எரிந்தால், அடுத்த நிலையம் வரை போய்ப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றத்தான் செய்யும். இந்த வரிசையைத் தேதியோடு எழுதி, இரண்டு பில்களையும் படங்களையும் இணைத்து, எழுத்தில் கொடுங்கள்.

மார்ச் 2

பில்லைப் பார்த்ததும் அவர்கள் இறங்கி வந்து, தங்கள் செலவிலேயே எஞ்சினைக் கட்டித்தர ஒப்புக்கொண்டார்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கட்டித்தரும் விதத்தையும் நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். இங்கேதான் இரண்டாவது முறையும் எஞ்சின் போகிறது.

கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்து 0.25 மில்லிமீட்டர் குறைத்து அதற்கேற்ற பேரிங் போட முடியுமா, நீலம் பாரித்ததால் மாற்றத்தான் வேண்டுமா என்பதை லேத்தில் அளந்து, விரிசல் சோதனையும் செய்து சொல்லட்டும். சில எஞ்சின்களில் தேய்க்கவே அனுமதி இல்லை. அடுத்தது எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பல எஞ்சின்களில் அலுமினியத்தின்மேல் நேரடியாகச் சுற்றுகிறது, அங்கே மாற்றுவதற்குத் தனி பேரிங் கிடையாது. கோடு விழுந்திருந்தால் ஹெட்டே போய்விட்டது. உங்கள் வண்டியில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவும் இருப்பதால் அதன் தண்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் அந்தத் தண்டும் இதே ஆயிலை நம்பித்தான் மிதக்கிறது.

மார்ச் 2, தொடர்ச்சி

ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர். இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் எல்லோரும் விடுவது இதைத்தான். உருகிய பேரிங்கின் துகள்கள் கூலரின் நுண்ணிய வழிகளில் தங்கிவிடும். எவ்வளவு கழுவினாலும் முழுதாக வராது. புது பேரிங், தேய்த்த கிராங்க், பழைய கூலர் என்று கட்டினால், முதல் நாள் ஓட்டத்திலேயே அந்தத் துகள்கள் புது பேரிங்குக்குள் போய் இறங்கும். புதுக் கூலர் போட்டே ஆக வேண்டும். பிளாக்கில் உள்ள ஆயில் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றித் தூரிகை விட்டுக் கழுவ வேண்டும். அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பம்பும் உறிஞ்சுகுழாயும் அதன் ஓ ரிங்கும் புதியவையாக இருக்கட்டும்.

மார்ச் 5

கடைசியாகக் கேட்டதற்கு: ஆம், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயிலை ஏற்ற வேண்டும். ஃபில்டரில் ஆயில் நிரப்ப முடிந்தால் நிரப்பி மாட்டட்டும். எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்துவிட்டு, அழுத்தமானியில் முள் அசையும் வரை ஸ்டார்ட்டரால் மட்டும் விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். முள் அசைந்த பிறகே ஸ்டார்ட். சூடானதும் ஐடிலிலும் 3000 சுற்றிலும் என்ன அழுத்தம் என்பதை ஒப்படைக்கும் தாளில் எண்ணாக எழுதி வாங்குங்கள். முதல் சில நூறு கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கழற்றிய ஃபில்டரை அறுத்து, தாளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். உலோகத் துகளின் மினுமினுப்புத் தெரிந்தால் வண்டியை எடுக்காமல் எனக்கு எழுதுங்கள்.